மேலெழு கூரை வேன்களில் அரிமானம்: சென்னைக் கடலோரச் சூழலில் பழுதும் பாதுகாப்பும்

மேலெழு கூரை என்பது, உள்ளேயே படுத்து உறங்கும் வசதியுடன் அமைக்கப்பட்ட வேனின் கூரையில் ஒரு பகுதியைக் கீல்களின்மேல் தூக்கி நிறுத்தும் அமைப்பாகும். பணிமனைகளில் இது 'பாப்-அப் ரூஃப்' என்றே வழங்குகிறது. வண்டி ஓடும்போது கூரை மூடியிருக்கும். நிறுத்திய இடத்தில் அதைத் தூக்கினால் உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். மேலே பலகை போட்டு இருவர் படுக்கலாம். தூக்கிய கூரைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலான பக்கங்களைக் கித்தான் துணி மறைக்கும்.

இந்த வசதிக்காக ஒரு முழுத் தகடு அறுக்கப்படுகிறது. அறுத்த விளிம்பு, அதைச் சுற்றிய ரப்பர் பீடிங், கீல்களின் திருகுகள், மழைநீர் ஓடும் கட்டர் ஆகிய நான்கும் வண்டியின் மிக உயரமான இடத்தில், எவர் கண்ணுக்கும் எளிதில் படாமல் இருக்கின்றன. துரு அங்கேதான் தொடங்குகிறது. அடிப்பாகத்தில் துரு ஏறினால் மெக்கானிக் குழியில் இறங்கும்போது பார்த்துவிடுவார். கூரையின் துருவோ, உறங்குபவர் முகத்தில் முதல் சொட்டு விழும்வரை தெரிவதில்லை.

சென்னையில் மேலெழு கூரை வேன்கள் எண்ணிக்கையில் குறைவே. ஆனால் அவற்றைத் தின்னும் அரிமானம், மயிலாப்பூர்ச் சந்துகளில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆம்னி வேனின் கட்டரிலும், படப்பிடிப்புகளில் நிற்கும் கேரவன்களின் கூரையிலும் காணப்படும் அதே அரிமானம்தான். ஆகவே இக்கட்டுரை மூன்றையும் சேர்த்தே பேசுகிறது.

தோற்றம்

ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1950களின் தொடக்கத்திலிருந்து ஃபோக்ஸ்வாகன் வேன்களை உறங்கும் வண்டிகளாக மாற்றித் தந்தது. பிரிட்டனில் ஃபோக்ஸ்டோன் நகரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம் 'டோர்மோபில்' என்ற பெயரில், ஒரு பக்கத்தில் கீல் வைத்துச் சாய்வாகத் தூக்கும் கூரையைப் பரப்பியது. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்த 1960, 70களின் தரைவழிப் பயணிகள் பலர் இத்தகைய வேன்களில்தான் வந்தனர். 1979இல் ஈரானில் நடந்த புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் அந்த வழியை அடைத்தன.

தமிழ் மக்களுக்குக் 'கேரவன்' என்ற சொல் சினிமா மூலமே அறிமுகமானது. நடிகர்கள் ஒப்பனை செய்யவும் ஓய்வெடுக்கவும் பயன்படும் அந்த வண்டிகளில் கூரை எழுவதில்லை. ஆயினும் ஏசி, காற்றுப் போக்கி, வயர் ஆகியவற்றுக்காகக் கூரையில் துளைகள் இடப்படுகின்றன. துளையிட்ட தகட்டின் விளிம்பில் வண்ணப்பூச்சு இல்லை என்பதால், அரிமானத்தைப் பொறுத்தவரை அதுவும் அறுத்த கூரையே.

கடற்காற்று செய்யும் வேலை

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். சென்னையில் அவற்றுடன் மூன்றாவதாக உப்பும் சேர்கிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் கடற்காற்று உள்ளே கொண்டுவருகிறது. பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம், சாந்தோம் போன்ற கரையோரப் பகுதிகளில் இந்தப் படிவு மிகுதி; கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெருமளவு குறைந்துவிடும். கபாலீசுவரர் கோயில் கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தியாகராய நகரின் பனகல் பூங்கா நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. எனவே எலியட்ஸ் கடற்கரையோரத் தெருவில் இரவெல்லாம் நிற்கும் வேனும் தியாகராய நகர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் நிற்கும் வேனும் ஒரே ஊரில் இருந்தாலும் ஒரே வேகத்தில் துருப்பிடிப்பதில்லை.

உப்பு இரண்டு வழிகளில் கெடுக்கிறது. ஒன்று, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. தூய சோடியம் குளோரைடு ஏறத்தாழ 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கரையும். சென்னைக் காற்று அந்த அளவுக்குக் கீழே வறள்வது அரிது. ஆகவே மழையே இல்லாத மே மாதத்திலும், பார்வைக்குக் காய்ந்த கூரையின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். இரண்டு, அந்தப் படலம் மின்னைக் கடத்துகிறது. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை என்பதால் படலம் நன்றாகக் கடத்தக் கடத்த வினையும் விரைவாகும்.

பிரிட்டிஷ் அறிவியலாளர் யூலிக் எவான்ஸ் செய்து காட்டிய உப்புநீர்த் துளிச் சோதனை இதை எளிமையாக விளக்குகிறது. இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீர் விட்டால், காற்று எளிதில் புகும் துளியின் விளிம்பு எதிர்மின்வாயாகவும் ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி நேர்மின்வாயாகவும் மாறும். கரைவது நடுவில், துரு படிவதோ இரண்டுக்கும் இடையே வளையமாக. பெயின்ட் கொப்புளத்தின் அடியிலும் ரப்பர் பீடிங்கின் இடுக்கிலும் நடப்பது இதே வினைதான். காற்றுப் புகாத இடம் பாதுகாப்பானது என்று தோன்றும். நடப்பது நேர்மாறானது: ஈரம் புகுந்து காற்றுப் புகாத இடுக்கே அதிகமாக அரிக்கப்படுகிறது.

வளிமண்டல அரிமானத்தை வகைப்படுத்தும் பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 9223, 'சி4' வகைச் சூழலில் பூச்சற்ற எஃகு முதல் ஆண்டில் 50 முதல் 80 மைக்ரோமீட்டர் வரையும், 'சி5' வகையில் 80 முதல் 200 மைக்ரோமீட்டர் வரையும் தேயும் என்கிறது. வேன் கூரைத் தகடு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர், அதாவது 800 மைக்ரோமீட்டர் தடிமன் உடையது. பூச்சு முழுதும் போய், ஆண்டுக்கு 80 மைக்ரோமீட்டர் என்ற வேகம் மாறாமல் நீடித்தால் பத்தாண்டிலும், 200 என்றால் நான்கு ஆண்டிலும் தகடு ஓட்டையாகும். இது சீராகத் தேய்ந்தால் வரும் கணக்கு. துரு சீராகத் தின்பதில்லை; குழி குழியாகத் தின்னும். கட்டரில் மேலும் கீழுமாக இரண்டு பக்கமும் தின்னும். அதனால் உண்மையில் ஓட்டை விழுவது இதைவிட முன்னதாகவே.

இவ்வகை ஆய்வுகளுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று அது திறக்கப்பட்டது. அந்த ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்து, அவை தேயும் அளவைக் கணக்கிட்டு வந்துள்ளது. அதன் சென்னைப் பிரிவு அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்குகிறது.

எங்கே தொடங்குகிறது

மேலெழு கூரையின் மேல்மூடி மூன்று பொருள்களில் ஒன்றால் ஆனது. கண்ணாடி இழை மூடி துருப்பிடிக்காது. அதைத் தாங்கும் எஃகுச் சட்டமும் வண்டியின் அறுத்த விளிம்பும் துருப்பிடிக்கும். 'ஃபைபர் ரூஃப்தானே' என்று கவலையற்றிருப்பவர்களுக்குச் செலவு வைப்பது இந்தச் சட்டமே. எஃகு மூடி அரிது. அதில் துரு எங்கும் வரும். அலுமினிய மூடியின் கதை வேறு.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்துக்கொள்ளும். அதனால் அது அரிக்கப்படாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கக்கூடியது. பெயின்டில் ஒரு கீறலோ, விளிம்பில் பூச்சு மெலிந்த இடமோ கிடைத்தால், பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் அரிமானம் பரவும். இது இழை அரிமானம் எனப்படுகிறது. செந்துரு தோன்றாது, வெள்ளைத் தூளும் கொப்புளமும் தோன்றும். ஃபோக்ஸ்வாகனின் ஐந்தாம் தலைமுறைக் கலிபோர்னியா வேன்களின் அலுமினியக் கூரையில் இவ்வகைக் கொப்புளங்கள் உரிமையாளர்களிடையே நெடுங்காலம் பேசப்பட்டன. அவை ஓடியதோ குளிர் நாடுகளில். சென்னையின் வெப்பமும் ஈரமும் இந்த வினையை மேலும் விரைவாக்கும்.

இரு வேறு உலோகங்கள் தொடும் இடம் இன்னொரு தொடக்கப்புள்ளி. எஃகுக் கீலை அலுமினியக் கூரையில் நேரடியாகத் திருகினால், இடையில் உப்புநீர் புகுந்தவுடன் அது ஒரு சிறு மின்கலமாகிவிடும். அலுமினியம் தன்னைக் கொடுத்து எஃகைக் காக்கும். இதில் பரப்பளவு முக்கியம். பெரிய அலுமினியத் தகட்டில் சிறிய எவர்சில்வர் திருகு இருந்தால் சேதம் மெல்ல நடக்கும். பெரிய எஃகுத் தகட்டில் சிறிய அலுமினிய ரிவெட் அடித்தால் அந்த ரிவெட் விரைவில் மாவாகிப்போகும். சென்னையில் கூரைக் கேரியர், ஏசி, மின்தகடு பொருத்துபவர்கள் கையில் கிடைக்கும் அலுமினிய பாப் ரிவெட்டை எஃகுக் கூரையில் அடிப்பது வழக்கமாக இருக்கிறது. விலை குறைவு, வேலை விரைவு. இரண்டு மழைக்காலம் கழித்து அந்தத் துளை வழியே நீர் இறங்கும்.

ஆம்னி வேனில் தொடக்கப்புள்ளி எப்போதும் கட்டர்தான். 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து 2019 வரை தயாரான இந்த வண்டியில், கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் மடிப்பே மழைநீர்க் கால்வாயாகவும் அமைந்தது. கூரைக் கேரியரின் கவ்விகள் அந்த மடிப்பைக் கடித்துப் பிடிப்பதால் பெயின்ட் உடையும். பிறகு மரம் தன் பங்குக்கு வருகிறது. தூங்குமூஞ்சி மரத்தின் பூ, இயல்வாகையின் மஞ்சள் இதழ்கள், வேப்பஞ்சருகு ஆகியவை கட்டரில் விழுந்து, ஊறி, எருவாகி, மழை நின்ற பிறகும் பல நாள் ஈரத்தைத் தக்கவைக்கும். ஆயுத பூசைக்குக் கட்டிய மாலையை அவிழ்க்காமல் கூரையோரத்திலேயே அழுகவிடுவதும் உண்டு. அந்தப் பண்டிகையை ஒட்டியே வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர்; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும்.

கட்டர் மடிப்பு அழகுக்கான பகுதி அன்று. கூரை, பக்கச் சுவர், தூண் ஆகிய மூன்றையும் ஸ்பாட் வெல்டிங்கால் இணைப்பது அதுவே. சட்டம் தனியே இல்லாத வேனில் தகடுகளின் பிணைப்பே வண்டியின் வலு. மடிப்பு தூளானால் வண்டி கவிழும்போது கூரை தாங்காது. மேலெழு கூரையில் நிலைமை இன்னும் கடினம்: கூரையின் குறுக்குச் சட்டங்கள் ஏற்கெனவே அறுக்கப்பட்டிருக்கும், அவற்றுக்கு ஈடாக வைத்த சுற்றுச் சட்டம் ஒன்றே எஞ்சிய வலு. அதன்மேல்தான் ஆட்கள் படுக்கிறார்கள்.

பழுதைக் கண்டறிதல்

பெயின்டின்மேல் தெரியும் கொப்புளம் பழுதின் ஒரு பகுதியே. உள்ளே அது சில மடங்கு பெரிதாக இருக்கலாம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும் என்பதால் மடிப்புகளை உள்ளிருந்து பிளக்கும். பெசன்ட் நகரின் பழைய அடுக்ககங்களில் சன்ஷேடின் கம்பி துருப்பிடித்துக் காரையைப் பெயர்த்துத் தள்ளுவதும் இதே காரணத்தால்தான்.

சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கூரையோரமாக நகர்த்தினால், எஃகு உள்ள இடத்தில் ஒட்டும். பட்டி தடித்த இடத்தில் நழுவும். கூரையைத் தூக்கி, பீடிங்கை ஓரிடத்தில் மெல்லக் கழற்றி, திருப்புளியின் முனையால் விளிம்பை அழுத்திப் பார்க்கலாம். நல்ல தகடு எதிர்க்கும், கெட்டது நொறுங்கும். உள்பக்க ரூஃப் லைனிங்கை இறக்கிப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. பின்னர் ஒருவர் உள்ளே டார்ச்சுடன் இருக்க, மற்றொருவர் கூரையில் குழாய்நீர் விட வேண்டும். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதியாக நீர் விட்டால்தான் ஒழுகும் இடம் சரியாகத் தெரியும். மேலிருந்து கொட்டினால் நீர் ஓரிடத்தில் புகுந்து வேறிடத்தில் சொட்டி ஏமாற்றும்.

சீரமைப்பு

முதல் வேலை உப்பைக் கழுவுவது. துருவைச் சுரண்டியவுடன் பிரைமர் அடிப்பதே வழக்கம். குழிகளுக்குள் தங்கிய குளோரைடு போகாமல் எத்தனை பூச்சு அடித்தாலும் ஆறு மாதத்தில் அதே இடத்தில் கொப்புளம் எழும். கழுவும் நீர் எது என்பதும் முக்கியம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் கோடையில் உவர்ப்பாவது உண்டு. அந்த போர் தண்ணீரில் கழுவினால் உப்பைத் துடைத்து உப்பைப் பூசியதாகும். குடிநீர் வாரிய நீரோ சேமித்த மழைநீரோ ஏற்றது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிய 2019 கோடை போன்ற காலங்களில் ஒரு வாளி நல்ல நீரும் அரிதுதான். அப்போது ஈரத்துணியால் பலமுறை ஒற்றி எடுப்பது போதிய பலன் தரும்.

கழுவிக் காய்ந்த பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவை அகற்றி, 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, சுற்றியுள்ள நல்ல பெயின்டின் ஓரத்தைச் சரிவாக்க வேண்டும். மின்னும் உலோகம் தெரிய வேண்டும். குழிகளில் எஞ்சும் கருந்துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் பூசலாம். இவற்றில் சில பாஸ்பாரிக் அமிலத்தால் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகின்றன. வேறு சில டானிக் அமிலத்தால் கறுப்பு இரும்பு டானேட்டாக மாற்றுகின்றன. இரண்டாவது வேதியியல் தமிழருக்குப் பழக்கமானது: கடுக்காய்ச் சாறு ஏற்றிய துணியில் துருநீரைத் தீட்டிக் கலம்காரிக் கறுப்பை எடுப்பதும் இதே வினை. கோலா பானத்தால் துருவை நீக்கும் காணொளிகள் பல உலவுகின்றன. அதிலும் பாஸ்பாரிக் அமிலம் உண்டுதான், மிகக் குறைவு. மிஞ்சுவது சர்க்கரைப் பிசுக்கும் எறும்பும்.

அமில வகை கன்வர்ட்டர் மடிப்புகளுக்குள் ஊறி நின்றால் அதுவே அரிக்கும். ஆகவே திறந்த பரப்பில் மட்டும் பூசி, சொன்ன நேரத்தில் கழுவி உலர்த்த வேண்டும்.

ஓட்டை விழுந்த இடத்தை நல்ல தகடு வரும்வரை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். மெல்லிய கூரைத் தகட்டுக்கு, டிங்கர்கள் 'சிஓ2 வெல்டிங்' என்று அழைக்கும் முறை கேஸ் வெல்டிங்கைவிட ஏற்றது. சூடு ஒரே இடத்தில் அடங்குவதால் தகடு நெளியாது. அதிலும் தொடர்ச்சியாக இழுக்காமல், ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர் முனையில் என்று மாற்றி மாற்றி வைத்து, நடுவே ஈரத்துணியால் ஆறவிட வேண்டும். பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், லைனிங், ஸ்பாஞ்சு, கித்தான் ஆகியவற்றை முழுதும் அகற்றுவதும், தீயணைப்பானைப் பக்கத்தில் வைப்பதும் கட்டாயம். கேம்பர் வேனுக்குள் சமையல் கேஸ் உருளையும் இருக்கும் என்பதை வெளிப் பணிமனைக்காரர் அறியாமல் இருக்கலாம். உரிமையாளரே அதை இறக்கிவிட வேண்டும்.

அடுத்த படியில்தான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. பல இடங்களில் தேய்த்த தகட்டின்மேல் நேரே பட்டி பூசி, அதன்மேல் பிரைமர் அடிக்கிறார்கள். பட்டி நுண்துளைகள் உள்ள பொருள். எங்காவது ஒரு வெடிப்பு வழியே புகும் ஈரத்தை உறிஞ்சி, வெற்று எஃகின்மேல் ஒத்தடம்போல் வைத்திருக்கும். முதலில் இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்சி பிரைமர், அது இறுகிய பின் பட்டி, பிறகு மேற்பூச்சு என்ற வரிசையே கடலோரத்துக்கு உகந்தது. ஓட்டையை வலைத்துணியும் பட்டியும் வைத்து அடைத்துப் பெயின்ட் அடிப்பது பழுது பார்த்தல் ஆகாது. விற்கப்போகும் வண்டிக்கு அப்படிச் செய்வது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். பிள்ளைகள் ஏறும் வண்டிக்குச் செய்வது அதைவிட மோசம்.

மடிப்புகளை பாலியூரித்தேன் சீலன்டால் அடைக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் குளியலறை சிலிக்கான்களில் பல, இறுகும்போது வினிகர் வாடை வீசும். அந்த வாடை அசிட்டிக் அமிலம். அது எஃகை அரிக்கும். போதாததற்கு, சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது.

அலுமினியக் கூரைக்கு முறை வேறு. இரும்புக் கம்பி பிரஷைத் தொடவே கூடாது. அதன் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, ஒவ்வொன்றும் ஒரு மின்கலமாகும். நைலான் பிரஷோ இதற்கென்றே ஒதுக்கிய எவர்சில்வர் பிரஷோ வேண்டும். கொப்புளத்தைச் சுற்றி விரற்கடை அளவு நல்ல பெயின்டையும் சேர்த்து நீக்கினால்தான் இழைபோல் ஊர்ந்த அரிமானத்தின் முனை அகப்படும். தேய்த்த பரப்பில் ஆக்சைடு உடனே மீண்டும் வளரத் தொடங்குவதால், அன்றே அலுமினியத்துக்கு உரிய பிரைமரை அடித்துவிட வேண்டும். எஃகையும் அலுமினியத்தையும் ஒரே மேசையில் அடுத்தடுத்து கிரைண்டர் செய்வது ஆபத்து. துருத்தூளும் நுண்ணிய அலுமினியத் தூளும் கலந்து தீப்பற்றினால் கடும் வெப்பத்துடன் எரியும். தண்டவாளங்களைப் பற்றவைக்கப் பயன்படும் தெர்மிட் வினை இதுவே.

கீல்களை மறுபடி பொருத்தும்போது எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடையே நைலான் வாஷரும், திருகின் தண்டைச் சுற்றி நைலான் குழலும் வைத்துத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். திருகுகள் 316 வகை எவர்சில்வராக இருப்பது நல்லது. சமையலறைப் பாத்திரங்களில் காணும் 304 வகை கடல் உப்பில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். 316இல் சேர்த்த மாலிப்டினம் அதைப் பெரிதும் தடுக்கிறது. நொச்சிக்குப்பம், ஊரூர் ஆல்காட் குப்பம் போன்ற இடங்களில் ஃபைபர் படகு வைத்திருக்கும் மீனவர்கள், எந்தத் திருகு எத்தனை நாள் தாங்கும் என்பதை அன்றாடம் காண்பவர்கள். பழைய தகடு, கதவு, கண்ணாடி போன்றவற்றுக்குப் புதுப்பேட்டையும் உதிரிப் பொருள்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் பெயர் பெற்றவை. புதுப்பேட்டையில் வாங்கும் கூரைத் தகடு ஏற்கெனவே ஒரு வண்டியில் துருவைப் பார்த்தது என்பதை மறக்காமல் காந்தமும் கையுமாகச் செல்ல வேண்டும்.

பெயின்ட் அடிக்கும் நாளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியாது. மார்கழி விடியற்காலையில் வண்டிக்கூரை நனைந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில், முற்பகலில், கடற்காற்று எழும் முன் வேலையை முடிப்பது ஏற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூடிய அறை இல்லாத பணிமனையில் கூரை வேலை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

வராமல் காத்தல்

பெரும் செலவு இல்லாத வேலைகளே அதிகம் காக்கின்றன. கடற்கரையில் நிறுத்திய இரவுக்கு மறுநாள் கூரையையும் கட்டரையும் நல்ல நீரில் கழுவுவது, வடிகால் துளைகளை மெல்லிய நைலான் கயிறு விட்டுச் சுத்தம் செய்வது, மரத்தடியில் நிறுத்தினால் சருகை அள்ளுவது ஆகியவை மட்டுமே துருவின் தொடக்கத்தைப் பல ஆண்டு தள்ளிப்போடும். கித்தானை ஈரத்தோடு மடித்துக் கூரையை மூடக் கூடாது. மழையில் மூட வேண்டி வந்தால் அடுத்த வெயிலில் திறந்து உலர்த்த வேண்டும். பூஞ்சை துணியைக் கெடுக்கும் முன்பே ஈரம் சட்டத்தைக் கெடுக்கத் தொடங்கியிருக்கும். ரப்பர் பீடிங்கை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, அடியைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் பொருத்தலாம்.

சட்டத்தின் உட்குழிவுகளுக்கு மெழுகு வகைப் பாதுகாப்புத் திரவம் தெளிப்பது நல்ல முறை. அதற்குப் பதிலாகப் பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கும் பழக்கம் ஓட்டுநர்களிடையே உண்டு. அது இரும்பைச் சிறிது காலம் காப்பது உண்மை. ரப்பரை ஊதச் செய்து, வெயிலில் உருகி உறங்குமிடத்தில் சொட்டுவதும் உண்மை. வண்டிக்குப் போடும் பிளாஸ்டிக் உறையும் கடலோரத்தில் உதவாது. அடியில் வியர்த்து, உப்போடு உராய்ந்து, பெயின்டைக் கெடுக்கும். காற்றுப் புகும் துணி உறையோ வெறும் கூரை நிழலோ மேல்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற வண்டிகள் பல பிறகு விற்பனைக்கு வந்தன. அவற்றில் அடிப்பாகத்தை மட்டும் சோதித்துக் கூரையை விட்டுவிடுவது தவறு. நாள்கணக்கில் மூடிக்கிடந்த வண்டிக்குள் நீராவி மேலேறி, ரூஃப் லைனிங்கின் பின்புறம் படிந்து, கூரையை உள்ளிருந்து தின்றிருக்கக்கூடும்.

சட்ட நிலை

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதனால் சாதாரண வேனின் கூரையைத் தெருமுனைப் பணிமனையில் அறுத்து மேலெழு கூரை வைப்பது பதிவுக்கே சிக்கல் தரும். தங்கும் வண்டிகளுக்கென ஏஐஎஸ்-124 என்ற தனித் தரநிலை உள்ளது. துருப்பிடித்த தகட்டை அதே வடிவில் மாற்றுவது இந்தத் தடைக்குள் வராது.

பள்ளி வேன் போன்ற வாடகை வண்டிகள் எட்டு ஆண்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பின்னர் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். சான்றுக்குச் செல்லும் முன் புதுப் பெயின்ட் அடிப்பது சென்னையில் வழக்கம். அந்தப் பெயின்டைக் கேட்பதற்கு முன்பே கட்டரைத் திறந்து பார்க்கச் சொன்னால், டிங்கருக்கு ஒரு நாள் வேலை கூடும். வெட்டி ஒட்ட வேண்டிய தகட்டின் நீளம் அடுத்த ஆண்டைவிடக் குறைவாக இருக்கும்.